நுவார் குறும்படம் கைகூடவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நுவார் பாணியில், அதாவது குற்றமும் கனத்த நிழலும் நிறைந்த பழைய அமெரிக்கப் படங்களின் பாணியில், குறும்படம் எடுக்கத் துணியும் மாணவர்கள்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஓர் அறை, இரண்டு விளக்கு, இரண்டு நடிகர்கள் என்ற அளவிலேயே நல்ல படம் எடுக்க இடம்தரும் பாணி இது. ஆனால் திட்டமிடாமல் இறங்கினால் காலை வாரிவிடும். படப்பிடிப்பு முடிந்து கணினியில் போட்டுப் பார்க்கும்போதுதான், 'இருட்டாக இருக்கிறது, ஆனால் நுவாராக இல்லையே' என்று தோன்றும். அந்த நேரத்தில் செய்ய முடிவது மிகக் குறைவு.

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பே ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஒரு நடிகர், ஒரு விளக்கு, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே கேமரா. ஐந்தாறு ஷாட் எடுத்துப் பாருங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் பாதி அன்றே தலைகாட்டிவிடும். எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: ஸ்கிரிப்டைப் படித்தவர்கள் 'துப்பறியும் கதையா?' என்று கேட்கிறார்கள்

தொப்பி, நீண்ட கோட்டு, சிகரெட், துப்பாக்கி எல்லாம் இருக்கும். இருபது வயது நடிகர் அந்தக் கோட்டுக்குள் தொலைந்துபோயிருப்பார். பார்ப்பவருக்கு மாறுவேடப் போட்டி நினைவு வரும்.

உடையையும் பொருளையும் வைத்துக் கதையைத் தொடங்கியதுதான் காரணம். 'ஃபிலிம் நுவார்' என்ற பெயரை 1946இல் பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃபிராங்க், இரண்டாம் உலகப் போர் முடிந்து பாரிசுக்கு வந்து சேர்ந்த சில அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு எழுதினார். அவற்றை எடுத்தவர்கள் தாங்கள் எடுப்பது 'நுவார்' என்று நினைத்து எடுக்கவில்லை. குற்றக் கதை, மர்மக் கதை என்றுதான் நினைத்தார்கள். அந்தப் படங்களை ஒன்று சேர்ப்பவர், தவறு என்று தெரிந்தே ஓர் அடி எடுத்துவைக்கும் மனிதர்தான். அடுத்தடுத்த அடிகள் அவர் கையில் இருக்காது.

கதையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: 'இன்னார், இன்னது வேண்டும் என்பதற்காக, தவறென்று தெரிந்தும் இதைச் செய்கிறார்.' மூன்று இடமும் நிரம்பினால் கதை இருக்கிறது. 'தெரிந்தும்' என்ற சொல்லைத் தாங்கும் காட்சி ஸ்கிரிப்டில் எங்கே என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். தேர்வுத்தாள் அச்சிடும் அறையின் சாவியை ஒரு மாணவன் மேசையிலிருந்து எடுப்பது போதும். எடுத்த கை ஒரு நொடி தயங்கி, சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க உள்ளங்கையில் அழுத்திக்கொள்கிறது. அங்கே உங்கள் படம் தொடங்கிவிட்டது. கோட்டு தேவையில்லை, கொலையும் தேவையில்லை.

பொம்மைத் துப்பாக்கியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பொது இடத்தில் அதை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது நிஜத் துப்பாக்கிதான். அவர் காவல்துறையை அழைத்தால் அது நியாயமும்கூட. மூடிய அறைக்குள், அனுமதி பெற்று, கட்டடத்தில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுக்கலாம். துப்பாக்கி இல்லாமலே கதை நகருமா என்று பார்ப்பது அதைவிட நல்லது.

அறிகுறி: பெண் பாத்திரம் வருகிறார், மயக்குகிறார், போகிறார்

அவருக்கு என்ன வேண்டும் என்று உங்கள் குழுவில் யாராலும் சொல்ல முடியாவிட்டால் அது எழுத்தின் பிழை. பழைய படங்களின் ஆபத்தான பெண்கள் நினைவில் நிற்பதற்குக் காரணம் அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருந்ததுதான்: பணம், விடுதலை, ஒரு வீட்டிலிருந்து தப்பித்தல். அதே கதையை அவர் பக்கமிருந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஸ்கிரிப்டில் அது வராது. ஆனாலும் நடிகைக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவி.

அறிகுறி: படம் இருட்டாக இருக்கிறது, ஆனால் சாம்பல் பூசியதுபோல் சப்பென்று இருக்கிறது

அதிகம் பேர் வந்து விழும் குழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நுவாரில் இருட்டு வெளிச்சத்தைக் குறைத்து வருவதில்லை. ஒரு பக்கம் நல்ல வெளிச்சமும் மறுபக்கம் வெளிச்சமே இல்லாமலும் இருப்பதால் வருகிறது. சப்பென்று தெரியும் ஃப்ரேமில் மிகப் பிரகாசமான இடத்தைத் தேடுங்கள். முழு வெள்ளையை நெருங்கும் புள்ளி ஒன்றுகூட இல்லையென்றால், கண்ணுக்கு ஒப்பிட ஏதுமில்லை. கறுப்பு கறுப்பாகத் தெரியாது. ஒரு மேசைவிளக்கின் ஓரம், கண்ணாடிக் குவளையின் விளிம்பு, சட்டைக் காலர் என்று ஏதாவது ஒன்று பளிச்சிட வேண்டும்.

அளந்து பார்ப்பது எளிது. ஐஎஸ்ஓவையும் (கேமராவின் ஒளியுணர்திறன்) ஷட்டரையும் (ஒளி உள்ளே விழும் நேரம்) மாறாமல் பூட்டிவிடுங்கள். முகத்தின் வெளிச்சப் பக்கம் சரியாக வரும் அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பின் அளவை, குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிழல் பக்கம் சரியாக வரும் அபெர்ச்சரைப் பாருங்கள். வெளிச்சப் பக்கம் எஃப் 8, நிழல் பக்கம் எஃப் 2.8 என்றால் வித்தியாசம் மூன்று ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் இரு மடங்கு; மூன்று ஸ்டாப் என்றால் எட்டு மடங்கு. நுவாருக்கு அது நல்ல தொடக்கம். ஒரு ஸ்டாப்தான் வருகிறதென்றால் அது சாதாரண உரையாடல் காட்சியின் ஒளியமைப்பு.

விளக்கு ஒன்றுதான், ஆனாலும் நிழல் பக்கம் வெளுத்துக் கிடக்கிறதா? குற்றவாளி பெரும்பாலும் வெள்ளைச் சுவர்தான். சின்ன அறையில் ஒளி நான்கு சுவரிலும் மோதித் திரும்பி நிழலை நிரப்பிவிடும். நடிகரின் நிழல் பக்கம், ஃப்ரேமுக்குச் சற்று வெளியே, ஒரு பெரிய கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். தெர்மாகோல் வைத்தால் ஒளி கூடுவதுபோல, கறுப்புத் துணி வைத்தால் ஒளி குறையும். கன்னம் கண்ணெதிரே இருண்டுபோவதைப் பார்க்கலாம்.

அடுத்து பின்சுவர். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கிலிருந்து நடிகர் 1 மீட்டரிலும் சுவர் 4 மீட்டரிலும் இருந்தால், நடிகர்மேல் விழும் ஒளியில் 16இல் ஒரு பங்குதான் சுவரில் விழும். அது நான்கு ஸ்டாப் வித்தியாசம்; சுவர் தானாகவே இருட்டில் மூழ்கும். விளக்கை 3 மீட்டருக்குத் தள்ளி, நடிகரைச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னால், முகமும் சுவரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஒளிரும். சப்பென்று இருந்த பாதி ஃப்ரேம்கள் நடிகரைச் சுவரிலிருந்து இழுத்து நடு அறைக்குக் கொண்டுவந்தாலே சரியாகிவிடும். அதற்குத்தான் லொகேஷன் பார்க்கப் போகும்போது அலமாரி எங்கே, ஓவியம் எங்கே என்று பார்ப்பதற்கு முன், அறையின் நீளத்தை அளக்கச் சொல்கிறேன். நுவாருக்கு அழகான அறையைவிட ஆழமான அறை உதவும்.

ஷாட் லிஸ்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள்: 'இந்த ஷாட்டில் எது தெரியக் கூடாது?' கதவருகே நிற்பவரின் முகமா, கையில் இருக்கும் பொருளா, அறையின் மறுபாதியா? அதற்குப் பதில் எழுத முடியாத ஷாட்டில் நிழலுக்கு வேலை இல்லை. அதைச் சாதாரணமாகவே எடுத்துவிடலாம். படம் முழுவதையும் ஒரே அளவு இருட்டில் எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் கண் பழகிவிடும். பகல் வெளிச்சத்தில் ஒரு காட்சி வைத்தால் அடுத்து வரும் இருட்டுக்கு எடை கூடும்.

அறிகுறி: ஜன்னல் பட்டை நிழல் மங்கலாக, அடையாளமே தெரியாமல் விழுகிறது

சுவரில் குறுக்குக் கோடுகளாக விழும் அந்த நிழலை எல்லோரும் ஒருமுறையாவது முயன்று பார்க்கிறார்கள். முயல வேண்டியதுதான். மங்கலாக வருவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: விளக்கு பெரியது, பட்டைக்கு மிக அருகில் இருக்கிறது, பட்டை சுவரிலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். விளக்கிலிருந்து பட்டை 3 மீட்டர், பட்டையிலிருந்து சுவர் 1 மீட்டர் என்று வையுங்கள். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள எல்இடி பேனலைப் பயன்படுத்தினால் நிழல் விளிம்பின் மங்கல் 10 சென்டிமீட்டர் வரும். உங்கள் பட்டையே 5 சென்டிமீட்டர்தான் என்றால் கோடு எப்படித் தெரியும்? அதே இடத்தில் 2 சென்டிமீட்டர் அளவுள்ள ஒளிமூலத்தை வைத்தால் மங்கல் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். அதனால் சாஃப்ட்பாக்ஸைக் கழற்றுங்கள், ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூஷன் தாளை அகற்றுங்கள். பேனலைவிட ஒற்றைச் சில்லு எல்இடி விளக்கு, அல்லது திறந்த பல்பு நல்லது. அறை சின்னதென்றால் நல்ல டார்ச் விளக்கே போதுமானதாக இருக்கும். நிறைய சின்ன எல்இடிகள் வரிசையாக உள்ள பேனல் ஒரே பட்டைக்குப் பல நிழல்களையும் தரும். அதை எந்த வகையிலும் திருத்த முடியாது.

பட்டையை நீங்களே செய்யலாம். கெட்டி அட்டையை 5 சென்டிமீட்டர் அகலத்தில் நீளமாக வெட்டுங்கள். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே, ஒவ்வொரு பட்டைக்கும் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். விளக்குப் பக்கம் பார்க்கும் முகத்துக்குக் கறுப்பு வண்ணம் அடியுங்கள். ஒரு ஸ்டாண்டில் மாட்டி, மிகக் கொஞ்சமாகச் சாய்த்து வையுங்கள். கோடுகள் சுவருக்கு நேர்க்கிடையாக இருந்தால் உயிரில்லாமல் தெரியும்.

பிறகு நடிகரை உட்காரவைத்து, கண்கள் எந்தக் கோட்டில் விழுகின்றன என்று பாருங்கள். வெளிச்சக் கோட்டில் கண் இருக்கும்போது பேசி, பொய் சொல்லும் இடத்தில் தலையை இரண்டு விரல் அளவு தாழ்த்தச் சொல்லுங்கள். கண் நிழலுக்குள் போய்விடும். இந்த ஒரு அசைவை ஒத்திகையில் பத்து முறை பழக வேண்டும். நாற்காலி இருந்த இடத்துக்குத் தரையில் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். நாற்காலி ஒரு சாண் நகர்ந்தாலும் எல்லாம் கெட்டுவிடும்.

அறிகுறி: கறுப்பு வெள்ளையில் மாற்றியதும் நடிகர் பின்னணியோடு கரைந்துவிட்டார்

கண்ணுக்குச் சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் எதிரெதிர் நிறங்கள். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடலாம். உடை, சுவர், பொருள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கைபேசியின் மோனோகுரோம் முறையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. படப்பிடிப்பில் மானிட்டரைக் கறுப்பு வெள்ளையில் வையுங்கள், பதிவை மட்டும் வண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிரேடிங்கில் (எடிட்டில் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலை) சிவப்பைத் தூக்கி நீலத்தைத் தாழ்த்தி, தோலையும் வானத்தையும் பிரிக்க இடம் கிடைக்கும்.

கருங்கூந்தல் இருட்டில் கரைகிறதென்றால் இரண்டு வழி உண்டு. பின்னாலிருந்து ஒரு சின்ன விளக்கால் முடியிலும் தோளிலும் ஒரு கோடு வரையலாம். அல்லது நடிகரைத் தொடாமல், அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு வெளிச்சத் திட்டு போட்டு, அதன்மேல் அவர் நிழலுருவமாகத் தெரியும்படி செய்யலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரே விளக்கில் முடிந்துவிடும். 1955இல் வந்த 'தி பிக் காம்போ' படத்தின் கடைசிக் காட்சியில் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்ட்டன் செய்ததும் கிட்டத்தட்ட இதுவே: மூடுபனி, பின்னாலிருந்து ஓர் ஒளி, இரண்டு நிழலுருவங்கள். பெரிய செட் எதுவும் அங்கே கண்ணில் படாது.

கருநிற முகங்களுக்கு எக்ஸ்போஷரை ஏற்றுவது தீர்வாகாது. பின்னணியும் சேர்ந்து ஏறிவிடும். அந்த முகங்களின் வடிவம் பளபளப்பில்தான் வெளிப்படும். பக்கவாட்டில், முகத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு வெள்ளைப் பலகையையோ பெரிய மென்மையான ஒளியையோ சாய்கோணத்தில் வையுங்கள். கன்ன எலும்பிலும் மூக்கின் ஓரத்திலும் ஒரு கோடு ஓடும். பவுடர் அடித்து அந்தப் பளபளப்பை முழுக்க அணைத்துவிடாதீர்கள்.

அறிகுறி: நிழலில் புள்ளிகள் கொதிக்கின்றன, அல்லது படத்தில் பட்டைகள் ஓடுகின்றன

புள்ளிகளுக்குக் காரணம் குறைந்த வெளிச்சத்தில் எடுத்துவிட்டு எடிட்டில் தூக்கியது. அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: வெள்ளைகள் வெந்துபோகாத எல்லைவரை, ஒரு ஸ்டாப் கூடுதலாகவே எடுத்து, கிரேடிங்கில் தாழ்த்துங்கள். நிழல் சுத்தமான கறுப்பாக விழும். ஐஎஸ்ஓவுக்கு ஓர் உச்சவரம்பைச் சோதனை நாளிலேயே முடிவு செய்து, அதற்குமேல் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இருண்ட சுவரில் ஒளி மங்கும் இடத்தில் படிக்கட்டுபோல் கோடுகள் தெரிந்தால் அது நிறப் படிகள் குறைவான 8-பிட் பதிவின் குறை. 10-பிட் வசதி இருந்தால் அதில் எடுங்கள்; இல்லாவிட்டால் கடைசியில் மெல்லிய கிரெய்ன் (பழைய ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் கோடுகள் மறையும், பாணிக்கும் பொருந்தும்.

ஓடும் பட்டைகள் மின்சாரத்தின் துடிப்பால் வருபவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்றும், 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/60 அல்லது 1/120 என்றும் வையுங்கள். மலிவான எல்இடி விளக்கு அப்போதும் துடித்தால் விளக்கை மாற்றுவதுதான் வழி.

அறிகுறி: இரவுத் தெரு வெறும் கறுப்பாக வருகிறது

தரையை நனையுங்கள். ஈரத் தரை கண்ணாடிபோல் விளக்கைத் திருப்பிக் காட்டும். ஆனால் விளக்கு கேமராவுக்கு எதிரே, நடிகருக்குப் பின்னால் இருக்க வேண்டும். கேமரா பக்கமிருந்து அடித்தால் ஈரம் தெரியவே தெரியாது. மழைக்கும் புகைக்கும் இதே விதிதான். முன்னாலிருந்து ஒளி பட்டால் புகை படத்தை வெளுத்துவிடும், பின்னாலிருந்து பட்டால் கதிர்கள் தெரியும். கட்டடத்துக்குள் புகை இயந்திரம் போடுவதற்கு முன் தீ எச்சரிக்கைக் கருவி பற்றிப் பொறுப்பாளரிடம் பேசுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் குழுவில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஈரத் தரையில் மின்கம்பி போகவே கூடாது.

அறைக்குள் நடக்கும் இரவுக் காட்சிகளை இரவில் எடுக்க வேண்டியதில்லை. ஜன்னல்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுப் பகலிலேயே எடுங்கள். தூக்கம் கெட்ட குழு இரவு இரண்டு மணிக்குமேல் எடுக்கும் ஷாட்டுகளில் பாதி பயன்படாது.

அறிகுறி: விடியும் நேரம் ஆகிவிட்டது, பாதி ஷாட் பாக்கி

ஏழு நிமிடப் படம், 60 ஷாட், ஒரே இரவு என்று திட்டம் போட்டிருப்பார்கள். நுவார் ஒளியமைப்பு ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம் போகும் என்று வைத்தால் 60 ஷாட்டுக்கு 40 மணி நேரம் வேண்டும். ஒன்பது மணி நேரத்தில் 13 செட்டப், அதாவது 13 ஒளியமைப்புதான் கைக்கு வரும். இந்தப் பெருக்கலை யாராவது காகிதத்தில் போட்டிருந்தால் அந்தத் திட்டமே பிறந்திருக்காது.

13 செட்டப் என்று எல்லையை வைத்துக்கொண்டு ஷாட் லிஸ்டை எழுதுங்கள். விளக்கு ஒரு பக்கம் இருக்கும்போது அந்தத் திசையில் எடுக்க வேண்டிய எல்லாவற்றையும், கதையில் எந்த வரிசையில் வந்தாலும், எடுத்து முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். வெட்டுக்குப் பதிலாக நடிகரை நகர்த்துங்கள்: கதவருகே நிழலுருவமாக நிற்கிறார், நடந்து விளக்குக்குள் வருகிறார், மேசையைத் தாண்டிக் கேமராவுக்கு நெருங்கி மறுபடி இருட்டுக்குள் போகிறார். தூர ஷாட், நடு ஷாட், நெருக்க ஷாட் மூன்றும் ஒரே செட்டப்பில் முடிந்துவிட்டன. இதற்கு 24 மில்லிமீட்டரையொட்டிய அகல லென்ஸும் எஃப் 5.6 அளவு ஃபோகஸ் ஆழமும் உதவும். வெளிச்சம் அதிகம் வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஒரு படத்தின் புதிய செட் பொருள்களுக்கு 5,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. பழைய செட்டை மறுபடி பயன்படுத்தி, தெரியக் கூடாததை நிழலில் தள்ளி வேலை பார்த்தார்கள். உங்கள் கல்லூரி அறையின் அறிவிப்புப் பலகையையும் மின்விசிறியையும் அப்படியே மறைக்கலாம்.

ஸ்கிரிப்ட் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். 12 பக்கம் இருந்தால் எட்டாகக் குறைத்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும்.

அறிகுறி: வாய்ஸ் ஓவர் வந்ததும் படம் வானொலி நாடகமாகிறது

படத்தை ஒலியில்லாமல் ஒருமுறை பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். இரண்டிலும் ஒரே தகவல் கிடைத்தால் குரலை வெட்டுங்கள். 'நான் கதவைத் திறந்தேன்' என்று அவன் சொல்ல வேண்டாம், அதைத்தான் பார்க்கிறோமே. 'அந்தக் கதவு பூட்டியிருக்கும் என்று நம்பித்தான் போனேன்' என்றால் கேட்கலாம். நடந்து முடிந்ததை நினைத்துப் பேசும் குரல் அது. எங்கே முடியும் என்று அதற்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது.

குரலைத் துணிகள் நிறைந்த அலமாரி முன்னால், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, உரக்கப் பேசாமல் பதிவு செய்யுங்கள். நடிகர் உட்கார்ந்து படித்தால் பாடம் ஒப்பிப்பதுபோல் வரும். எதிரே ஒருவரை உட்காரவைத்து அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். லொகேஷனில் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் 30 நொடி அறையின் ஒலியையும் பிடித்துவையுங்கள். குளிர்பதனப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டுப் பிடியுங்கள். போகும்போது மறக்காமல் போட வேண்டும் என்பதால், குழுவில் ஒருவர் தன் வண்டிச் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடட்டும்.